நாய்க்குட்டிக்கு நல்ல உணவைத் தேர்ந்தெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய்க்குட்டி உணவின் தரம் பாக்கெட்டின் முன்பக்கத்தில் தெரியாது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் சில வரிகளிலும், அதைச் சாப்பிடும் குட்டியின் உடம்பிலும்தான் தெரியும். இந்த இரண்டையும் எப்படிப் படிப்பது என்பதைத்தான் கீழே உள்ள பதில்களில் சொல்லியிருக்கிறேன்.

குட்டி இன்றுதான் வீட்டுக்கு வந்தது. எதைக் கொடுத்துத் தொடங்குவது?

இதுவரை அது இருந்த இடத்தில் என்ன சாப்பிட்டதோ அதையே கொடுங்கள். அந்த உணவு உங்களுக்குத் திருப்தியாக இல்லாவிட்டாலும் முதல் ஒரு வாரம் மாற்ற வேண்டாம். தாயையும் கூடப்பிறந்த குட்டிகளையும் பிரிந்து, புது வாசனைகளுக்கும் புது ஆட்களுக்கும் நடுவில் அது ஏற்கெனவே மிரண்டுபோயிருக்கும். அந்த நேரத்தில் சாப்பாடும் மாறினால் வயிறு கலங்கிவிடும். அப்புறம் வந்த பேதி உணவாலா, பயத்தாலா, நோயாலா என்று கண்டுபிடிப்பது டாக்டருக்கே கஷ்டம். குட்டியை வாங்கும்போதே என்ன உணவு, ஒரு வேளைக்கு எவ்வளவு, நாளைக்கு எத்தனை வேளை என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு வாரத்துக்கான உணவையும் அவர்களிடமே வாங்கி வந்துவிடுங்கள்.

குட்டிகள் 3, 4 வாரத்தில்தான் தாய்ப்பாலைத் தாண்டி வேறு உணவை நக்கிப் பார்க்கத் தொடங்கும். அதனால் மிகச் சின்னக் குட்டியென்றால் உலர் உணவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மசித்துக் கொடுங்கள்.

கடையில் பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஒரே ஒரு வாக்கியத்தை. இந்த உணவு எந்த வயது நாய்க்கு 'முழுமையான, சமச்சீரான' உணவு என்று சொல்லும் வரி அது. பெரும்பாலும் பின்பக்கத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். அமெரிக்காவின் ஆஃப்கோ, ஐரோப்பாவின் ஃபெடியாஃப் ஆகிய அமைப்புகள் நாய் உணவில் எந்தச் சத்து எவ்வளவு இருக்க வேண்டும் என்று பட்டியல் வைத்திருக்கின்றன. உலகின் பல இடங்களில் விற்கும் பாக்கெட்டுகளில் இவற்றில் ஒன்றின் பெயரைக் காணலாம்.

அந்த வரியில் 'வளர்ச்சிப் பருவத்துக்கு' என்றோ 'எல்லா வயதுக்கும்' என்றோ இருந்தால் குட்டிக்குக் கொடுக்கலாம். 'வளர்ந்த நாய்களின் பராமரிப்புக்கு' என்று இருந்தால் வேண்டாம். 'இடையிடையே கொடுக்க மட்டும்' அல்லது 'துணை உணவு' என்று இருந்தால் அது குட்டியின் முழுச் சாப்பாடாக ஆகவே முடியாது. அப்படி ஒரு வரியே இல்லாத பாக்கெட்டை, அட்டைப்படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

இன்னொரு நுணுக்கமும் அதே வரியில் இருக்கும். சில உணவுகள் பட்டியலில் உள்ள அளவுகளுக்கு ஏற்பத் தயாரிக்கப்பட்டவை. சில, நிஜமான குட்டிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கப்பட்டவை. ஆஃப்கோ முறைப்படி வளர்ச்சிப் பருவச் சோதனை 10 வாரம் நடக்கும். அது நீண்ட காலமல்ல, எல்லாக் குறைகளையும் வெளிக்கொண்டு வந்துவிடாது. ஆனாலும் காகிதக் கணக்கோடு நின்றுவிடாத உணவு என்பதற்கு அது ஓர் அடையாளம்.

'பிரீமியம்', 'ஹோலிஸ்டிக்' போன்ற சொற்கள் விளம்பரத்துக்கானவை. ஆஃப்கோ விதிகளில் அவற்றுக்குத் தனியாக எந்தத் தரமும் வரையறுக்கப்படவில்லை.

வீட்டில் ஏற்கெனவே பெரிய நாய் இருக்கிறது. அதன் உணவையே குட்டிக்கும் கொடுத்தால் என்ன?

கொடுக்க வேண்டாம். ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் (அந்தக் கணக்கைப் பின்னால் சொல்கிறேன்), ஆஃப்கோ கணக்குப்படி குட்டியின் உணவில் குறைந்தது 22.5 சதவீதம் புரதமும் 8.5 சதவீதம் கொழுப்பும் இருக்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு 18 சதவீதம் புரதமும் 5.5 சதவீதம் கொழுப்பும் போதும். குட்டிக்குக் கால்சியமும் பாஸ்பரஸும் கூடுதலாக வேண்டும். மூளையும் கண்ணும் சரியாக வளர டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு தேவை. நல்ல குட்டி உணவுகளில் இது பெரும்பாலும் மீன் எண்ணெய் வழியாக வரும். பெரிய நாய் உணவையே நிறையப் போட்டு இதை ஈடுகட்டிவிடலாம் என்று நினைத்தால் கலோரிதான் ஏறும், சத்தின் விகிதம் சரியாகாது.

பொருட்களின் பட்டியலில் முதல் பெயர் இறைச்சியாக இருந்தால் நல்ல உணவுதானே?

நல்ல அறிகுறிதான், ஆனால் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பட்டியலில் பொருட்கள் சமைப்பதற்கு முந்தைய எடையின் வரிசையில் வரும். பச்சைக் கோழி இறைச்சியில் முக்கால் பங்குக்குப் பக்கம் தண்ணீர்தான். அந்த எடையில் முதலிடம் பிடித்த கோழி, உலர்ந்த பிறகு பட்டியலில் எவ்வளவோ கீழே போய்விடலாம். மாறாக 'கோழி மீல்' என்று எழுதியிருந்தால் பலர் முகம் சுளிப்பார்கள். அது தண்ணீரும் கொழுப்பும் நீக்கிப் பொடியாக்கிய இறைச்சி. எடைக்கு எடை அதில்தான் புரதம் அதிகம். எந்த விலங்கின் மீல் என்று பெயர் சொல்லியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வெறுமனே 'இறைச்சி மீல்' என்பதைவிட 'கோழி மீல்', 'ஆட்டிறைச்சி மீல்' என்று தெளிவாகச் சொல்வது நம்பகமானது.

ஈரல், இதயம் போன்ற உள்ளுறுப்புகளைக் கழிவு என்று ஒதுக்குபவர்களும் உண்டு. நாய்க்கு அவை சத்துமிக்க உணவு.

உணவின் பெயரிலும் கணக்கு ஒளிந்திருக்கிறது. ஆஃப்கோ விதிகளின்படி 'கோழி டின்னர்', 'கோழி ஃபார்முலா' போன்ற பெயர்களுக்குக் கோழி 25 சதவீதம் இருந்தால் போதும். 'கோழியுடன்' என்றால் 3 சதவீதமே போதும். 'கோழிச் சுவை' என்றால் சுவை தெரிந்தாலே போதும், சதவீதக் கணக்கே கிடையாது.

புரதம் அதிகமாக எழுதியிருப்பதுதான் சிறந்த உணவா?

இல்லை. பாக்கெட்டில் இருப்பது 'கச்சா புரதம்'. உணவில் உள்ள நைட்ரஜனை அளந்து, அதிலிருந்து கணக்கிட்ட எண் அது. அந்தப் புரதம் செரிக்குமா, எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்லாது. 2007இல் இதன் கோர முகம் வெளியே தெரிந்தது. நாய், பூனை உணவுகளில் சேர்த்த கோதுமைப் புரதத்தில், நைட்ரஜன் அளவை உயர்த்திக் காட்ட மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்திருந்தார்கள். எண்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அதைச் சாப்பிட்ட பிராணிகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோயின. வட அமெரிக்காவில் ஏராளமான உணவுகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. உணவை நம்பி வாங்கியவர்களுக்கு நடந்த அந்தத் துரோகத்தை மன்னிக்கவே முடியாது.

உலர் உணவையும் டின் உணவையும் ஒப்பிடும்போது ஈரத்தைக் கழித்துவிட வேண்டும். உலர் உணவில் ஈரம் 10 சதவீதம், புரதம் 27 என்றால், 27ஐ 90ஆல் வகுத்தால் 30 சதவீதம். டின்னில் ஈரம் 78, புரதம் 9 என்றால், 9ஐ 22ஆல் வகுத்தால் ஏறக்குறைய 41 சதவீதம். பார்த்தவுடன் 27க்கும் 9க்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் போலத் தோன்றும். உண்மையில் இங்கே டின்னில்தான் புரதம் அதிகம்.

எங்கள் குட்டி பெரிய இனம். அதற்குத் தனி உணவு வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள் என்பேன்.

வளர்ந்தபின் 32 கிலோவோ அதற்கு மேலோ வரும் இனங்களின் எலும்பு சில மாதங்களில் மிக வேகமாக நீளும். கலோரி அதிகமானால் எலும்பும் மூட்டும் தாங்குவதற்கு முன்பே உடல் எடை ஏறிவிடும். கால்சியம் அதிகமானால் குருத்தெலும்பு ஒழுங்காக எலும்பாக மாறாது. விளைவு, மூட்டுக் கோளாறு, வளைந்த கால், நொண்டல். இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது என்றாலும், குட்டிப் பருவத்தில் எடை கூடினால் அது இன்னும் மோசமாகும். வளர்ந்த நாய் தனக்கு வேண்டாத கால்சியத்தைப் பெருமளவு உறிஞ்சாமல் வெளியேற்றிவிடும். சுமார் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியால் அது முடியாது. கொடுக்கக் கொடுக்க உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

அதனால்தான் வளர்ச்சிப் பருவ உணவில் கால்சியம் ஈரம் நீக்கிய கணக்கில் 1.2 முதல் 2.5 சதவீதம் வரை இருக்கலாம் என்று சொல்லும் ஆஃப்கோ, பெரிய இனக் குட்டிகளுக்கு உச்சவரம்பை 1.8 சதவீதமாகக் குறைத்திருக்கிறது. நான் மேலே சொன்ன அந்த வரியில் 'பெரிய இன நாய்களின் வளர்ச்சி உட்பட' என்று இருக்கிறதா, 'தவிர' என்று இருக்கிறதா பாருங்கள். இந்த ஒரு சொல்லில் குட்டியின் கால்கள் அடங்கியிருக்கின்றன.

எலும்பு பலமாகட்டும் என்று கால்சியம் டானிக், கால்சியம் மாத்திரை, எலும்புப் பொடி எதையும் நல்ல உணவின் மேல் சேர்க்காதீர்கள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் கொடுக்கிறார்கள் என்பது காரணமே இல்லை. டாக்டர் பரிசோதித்து, குறை இருக்கிறது என்று சொன்னால் மட்டும் கொடுங்கள். கொழுகொழுவென்று வேகமாக வளரும் குட்டியைப் பார்த்துப் பெருமைப்படத் தோன்றும். பெரிய இனத்தில் நிதானமாக வளரும் குட்டிதான் பிற்காலத்தில் வலியில்லாமல் ஓடும்.

சிறிய இனக் குட்டிக்கு?

வாய் சின்னது, அதனால் சின்ன உருண்டைகளாக இருக்கும் உணவு வசதி. கைக்கடக்கமான இனங்களின் குட்டிகள் நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கி, துவண்டு விழுந்துவிடலாம், வலிப்புகூட வரலாம். அவற்றுக்கு வேளைகளுக்கு நடுவே அதிக இடைவெளி விடாதீர்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுப்பது?

பாக்கெட்டில் இருக்கும் அட்டவணையிலிருந்து தொடங்குங்கள், ஆனால் அங்கேயே நிற்காதீர்கள். கணக்குப் போட விரும்புபவர்களுக்கு ஒரு வழி உண்டு. குட்டியின் எடையை (கிலோவில்) அதே எண்ணால் இருமுறை பெருக்கி (5 கிலோ என்றால் 5 × 5 × 5), வந்த எண்ணுக்கு இருமுறை வர்க்கமூலம் எடுத்து, 70ஆல் பெருக்குங்கள். சும்மா படுத்திருக்கவே உடம்புக்கு ஒரு நாளில் தேவைப்படும் கலோரி அது. நான்கு மாதம் வரை அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு, அதன்பின் வளர்ச்சி முடியும்வரை சுமார் இரண்டு மடங்கு. 5 கிலோ குட்டிக்கு 234 வரும். மூன்று மடங்கு என்றால் ஏறத்தாழ 700 கலோரி. கிலோவுக்கு 3,800 கலோரி உள்ள உலர் உணவென்றால் நாளைக்கு சுமார் 185 கிராம். இதை வேளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கப் அளவை நம்பாமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

அப்புறம் குட்டியையே பாருங்கள். விலாவில் விரல்களை வைத்து மெதுவாகத் தடவினால் எலும்புகள் கைக்குத் தெரிய வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். வாரம் ஒருமுறை எடை பார்த்து, கை சொல்வதற்கு ஏற்ப அளவைக் கூட்டுங்கள், குறையுங்கள். ட்ரீட் எல்லாம் சேர்த்து மொத்த கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2002இல் வெளியான ஓர் ஆய்வில் 48 லாப்ரடார் நாய்களை 8 வார வயதிலிருந்து ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து ஆயுள் முழுவதும் கவனித்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. கிண்ணத்தில் சற்றுக் குறைத்து வைப்பது குட்டிக்குச் செய்யும் கொடுமை என்று வருந்துபவர்கள் இந்த ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எத்தனை வேளை?

மூன்று மாதம் வரை நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அதன்பின் இரண்டு. நேரம் தவறாமல் கொடுத்து, 20 நிமிடத்தில் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். மிகச் சிறிய இனங்களுக்கு மட்டும் இதில் கண்டிப்பு வேண்டாம். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

பால் கொடுக்கலாமா?

தாய்ப்பால் மறந்த குட்டிக்குப் பால் தேவையில்லை. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் திறன் அந்த வயதுக்குப் பிறகு குறைந்துகொண்டே போகும், நிறையக் கொடுத்தால் பேதியாகும். தாயை இழந்த, கண் திறக்காத குட்டிக்கும் பசும்பால் சரிப்படாது. நாயின் பாலில் பசும்பாலைவிட இருமடங்குக்கும் மேல் புரதமும் கொழுப்பும் உண்டு. அதற்கென்றே விற்கும் குட்டிப் பால்பொடியைத்தான் வாங்க வேண்டும்.

வீட்டில் சமைத்துப் போடுவதுதானே மிகவும் நல்லது?

அன்பால் கேட்கும் கேள்வி, அதனால் நேராகவே சொல்கிறேன். வளர்ந்த நாய்க்குக்கூட அது சுலபமல்ல. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வளர்ந்த நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு முக்கியச் சத்தாவது குறைவாக இருந்தது. குட்டியின் தேவை இதைவிடக் கடுமையானது. வெறும் இறைச்சியில் கால்சியம், பாஸ்பரஸில் சுமார் 15இல் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. குட்டிக்குக் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது, அதிகபட்சம் இருமடங்காகவும் இருக்க வேண்டும். வெறும் இறைச்சியிலும் மாவுப் பொருளிலும் வளரும் குட்டியின் உடம்பு, ரத்தத்துக்குத் தேவையான கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். எலும்பு மெலிந்து, சோபாவிலிருந்து குதித்தாலே முறியும் நிலைக்கு வந்துவிடும்.

சமைத்தே போட விருப்பமென்றால், கால்நடை ஊட்டச்சத்து நிபுணர் ஒருவரிடம் உங்கள் குட்டிக்கென்றே குறிப்பு எழுதி வாங்கி, ஒரு கிராம்கூட மாற்றாமல் செய்யுங்கள். இல்லையென்றால் வளர்ச்சி முடியும்வரை முழுமையான தயார் உணவே பாதுகாப்பு.

பச்சை இறைச்சி?

குட்டிக்கு வேண்டாம். சால்மோனெல்லா, லிஸ்டீரியா, ஈ.கோலை கிருமிகள் அதில் இருக்கலாம். ஃப்ரீசரில் வைப்பதால் அவை செத்துவிடாது. குட்டியின் நோய் எதிர்ப்பு சக்தி முழுதாக வளர்ந்திருக்காது. அது நக்கும் குழந்தைக்கும் வீட்டிலுள்ள முதியவருக்கும் ஆபத்துதான். முட்டை கொடுத்தாலும் வேக வைத்தே கொடுங்கள். பச்சை வெள்ளைக்கரு பயோட்டின் என்ற வைட்டமினை உடம்பில் சேரவிடாது.

தானியம் இல்லாத உணவு சிறந்தது என்கிறார்களே?

தானியம் நாய்க்கு அந்நியமான உணவு அல்ல. ஓநாய்களைவிட நாய்களுக்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் அதிகம் என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. உணவு ஒவ்வாமை உள்ள நாய்களிலும் பெரும்பாலும் காரணமாக இருப்பவை மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி போன்றவைதான். தானியங்களில் கோதுமைக்கு ஓரளவு இடம் உண்டு. தானியத்துக்குப் பதில் பட்டாணி, பருப்பு வகைகளை நிறையச் சேர்த்த உணவுகளுக்கும் இதயத் தசை தளர்ந்து வீங்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2018 ஜூலையில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ விசாரணையை அறிவித்தது. உணவுதான் காரணம் என்று திட்டவட்டமாக நிரூபணமாகவில்லை. ஆனாலும் எந்த லாபமும் இல்லாத ஒன்றுக்காகக் குட்டியின் இதயத்தை ஏன் பணயம் வைக்க வேண்டும்?

ஒரு நிறுவனத்தை நம்பலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேளுங்கள். பாக்கெட்டில் தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ இருக்கும். உணவை வடிவமைத்தது யார், அவர் விலங்கு ஊட்டச்சத்தில் முறையாகப் படித்தவரா? சொந்தத் தொழிற்சாலையா, வேறு யாரோ செய்து தருகிறார்களா? ஒவ்வொரு முறை தயாராகும் உணவையும் சோதிக்கிறார்களா? நூறு கிராமில் எத்தனை கலோரி, எவ்வளவு கால்சியம்? உலகச் சிறு பிராணி மருத்துவர்கள் சங்கமும் (வ்சாவா) இந்த மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கச் சொல்கிறது. கால்சியம் எவ்வளவு என்ற எளிய கேள்விக்கே பதில் வராவிட்டால் வேறு உணவைத் தேடுங்கள்.

கொடுக்கவே கூடாதவை?

சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர் திராட்சை, மக்கடேமியா கொட்டை, மது, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சூயிங்கம், மிட்டாய். வெந்த எலும்பும் கூடாது, கூர்மையாக உடைந்து குடலைக் கிழித்துவிடும். இவற்றில் எதையாவது விழுங்கிவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே டாக்டரை அழையுங்கள்.

புது உணவுக்கு எப்படி மாற்றுவது?

ஏழு முதல் பத்து நாளில். முதலில் கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது. பிறகு பாதிப் பாதி, பிறகு முக்கால், கடைசியில் முழுதும். மலம் இளகினால் முந்தைய நிலைக்குத் திரும்பி, இரண்டு நாள் பொறுத்து மறுபடி தொடருங்கள். நல்ல உணவென்றால் மலம் கெட்டியாகவும் எடுத்துப்போட எளிதாகவும் இருக்கும், முடி பளபளக்கும், எடை சீராக ஏறும். வாரக்கணக்கில் மலம் இளகியே இருந்தால் அந்த உணவு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

திறந்த பாக்கெட்டை எப்படி வைப்பது?

அதே பையில், வாயை இறுக மடித்து, காற்றுப் புகாத டப்பாவுக்குள். பையைத் தூக்கி எறியாதீர்கள், ஏதாவது பிரச்சினை வந்தால் தயாரிப்பு எண்ணும் தேதியும் அதில்தான் இருக்கும். உலர் உணவை ஆறு வாரத்துக்குள் தீர்க்கும் அளவில் வாங்குங்கள். கொழுப்பு சிக்குப் பிடித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

நல்ல உணவு கொடுத்தும் குட்டி தேறவில்லை. உணவை மாற்றவா?

முதலில் பூச்சி மருந்து கொடுத்தாயிற்றா என்று பாருங்கள். வயிறு மட்டும் பானைபோல உப்பி, முதுகெலும்பு தெரிந்தால் பெரும்பாலும் குடற்புழுதான் காரணம். அந்த நிலையில் எந்த உணவும் உடம்பில் ஒட்டாது. திரும்பத் திரும்ப வாந்தி, ரத்தம் கலந்த பேதி, துவண்டு படுப்பது என்றால் பார்வோ வைரஸாக இருக்கலாம். உணவை மாற்றிப் பார்க்கிற நேரமல்ல அது, அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். சின்னக் குட்டி அடுத்தடுத்து இரண்டு வேளை சாப்பாட்டைத் தொடாவிட்டாலும் டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது.

குட்டி உணவை எப்போது நிறுத்துவது?

வளர்ச்சி முடிந்ததும். சிறிய இனங்களுக்கு 9 முதல் 12 மாதம், பெரிய இனங்களுக்கு 12 முதல் 18 மாதம், ராட்சத இனங்களுக்கு இரண்டு வயதுகூட ஆகலாம். இடையில் கருத்தடை அறுவை சிகிச்சை செய்தால் கலோரித் தேவை குறையும், பசி மட்டும் கூடும். அப்போது அளவைக் குறையுங்கள். வளர்ச்சி முடியாமல் உணவு வகையை மாற்ற வேண்டாம். பெரியவர் உணவுக்குப் போகும்போதும் ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொண்டு, கலந்து கலந்தே மாற்றுங்கள்.